இறங்கும் முன் கொட்டுவது

1946 பிப்ரவரி 11, திங்கள். காலை 7.40 முதல் 10.15 வரை. முழுக்கு பதினாலு. கிடைத்தது பூஜ்யம்.

தேடுவது எங்கள் இழுவைப் படகான லாஞ்சு 'ராணி'யின் புரொப்பல்லர். வெண்கலம், மூன்று இதழ், எண்பத்தைந்து ராத்தல். முயல்தீவுக்குக் கிழக்கே ஐந்து பாகம், அதாவது முப்பது அடி, ஆழத்தில் விழுந்து ஆறு நாள் ஆகிறது. புதியது இங்கிலாந்திலிருந்து வர எட்டு மாதமாம். மானேஜர் துரை சொல்கிறார். அதுவரை கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குத் தோணிகளை எதை வைத்து இழுப்பது? அடுத்த மாதம் என்னைக் கம்பெனியின் பம்பாய் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவதாக இருந்தார்கள். இது கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

கடலில் இறங்குகிறவன் திரேஸ்புரத்து ரோச். சங்கு குளிக்கிறவன். வயது இருபத்தாறு, என் வயது. தோணியில் கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணன் தொம்மை. துடுப்புக்கு இரண்டு பேர்.

பதினாலு தடவையும் வெறுங்கையோடு மேலே வந்தான். பதினாலு தடவையும் சிரித்துக்கொண்டு வந்தான். எனக்கு எரிச்சல். இவனுக்கு என்ன கேடு?

பிப்ரவரி 12, செவ்வாய்.

இன்று இருபத்தைந்து நிமிஷம் வீண். தோணி இடத்துக்கு வந்து நங்கூரம் போட்டாயிற்று. இறங்குவான் என்று பார்த்தால் மச்சானும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை.

"எங்க அம்மைக்கு மருந்து வாங்கியாரச் சொன்னேன், நீ பந்து வெளையாட்டுப் பாக்கப் போயிட்ட. முதுகுல ரெண்டு போடணும்னு நெனச்சேம்லே" என்கிறான் தொம்மை.

"போட்டிருக்கணும். நீ மட்டும் யோக்கியமா? என் புது வேட்டியக் கட்டிட்டுப் பூசைக்குப் போனது யாரு? உன் பானை வயித்துக்குப் பத்தாம அது கிழிஞ்சு கெடக்கு."

"கிழிஞ்சது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஊரே பாத்துச்சு. சாமியாரும் பாத்தாரு!"

துடுப்புக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்க, தொம்மையும் சிரித்துவிட்டான். அதன் பிறகுதான் ரோச், அவனைக் கீழே இறக்குகிற கல்லில் கால் வைத்தான். இது என்ன தினசரி நாடகம் என்று கேட்டேன். "மனசுல கெடக்கதக் கொட்டுதோம் சார். கயிறு பிடிக்கவனும் இறங்குதவனும் உள்ள ஒண்ணும் வச்சிக்கிடக் கூடாது. வச்சிட்டு இறங்கினா மூச்சு நிக்காது" என்றான் தொம்மை.

மூடநம்பிக்கை. நாளை முதல் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

முழுக்கு 15. கிடைத்தது 0.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை. ஐந்தாம் தேதி காலை 'ராணி'யின் புரொப்பல்லரைப் பூட்டி முடிக்கும்போது நட்டு கழலாமல் தடுக்கிற ஸ்ப்ளிட் பின் பெட்டியில் இல்லை. ஸ்டோருக்கு ஆள் அனுப்பினால் அரை மணி. நட்டைத்தான் இறுக்கியாயிற்றே என்று பின் இல்லாமலே தண்ணீரில் இறக்கினேன். மத்தியானம் லாஞ்சைப் பின்னால் எடுத்தபோது நட்டு கழன்று புரொப்பல்லர் போய்விட்டது. லாஞ்சை ஓட்டுகிற ஸ்ராங்கு அய்யாக்குட்டி வேகமாகப் பின்னால் எடுத்ததுதான் காரணம் என்று துரை அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை.

அவ்வளவுதான்.

பிப்ரவரி 13, புதன்.

கொட்டலைத் தடுத்தேன். ஏழு மணிக்கே முதல் முழுக்கு. நேற்று அவன் கீழே இருந்த நேரம் சராசரி 63 விநாடி. இன்று 41.

தண்ணீர் அதே, ஆழம் அதே, ஆளும் அதே. கைக்கடிகாரம் பழுதா என்று இரண்டு தடவை காதில் வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது. ஒன்பதாவது முழுக்கில் அவன் சிரிக்காமல் மேலே வந்தான். அது ஏன் எனக்கு அவ்வளவு உறுத்த வேண்டும்?

பிப்ரவரி 14, வியாழன்.

கொட்டிக்கொள்ளட்டும் என்று விட்டேன். சராசரி 64.

பின்வாங்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் 64 என்பது 64. ஒரு மனுஷன் காலையில் தன் மனசைத் துடைத்து வைக்கிற சுத்தத்தில், என் ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தனும் ஸ்பானரைத் துடைத்து வைப்பதில்லை. நான் உட்பட.

பிப்ரவரி 16, சனி.

அய்யாக்குட்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நெசமாவே நான் வேகமாத்தான் எடுத்துட்டேனா சார்? மொதல்ல இல்லன்னு இருந்தேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. இருவது வருசக் கை இது" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பார்க்கலாம்" என்றேன். பார்க்கலாமாம்! அவர் என்னைத் திட்டியிருக்கலாம். தன்னையே சந்தேகப்படுகிறார் மனுஷன்.

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு.

கடலுக்குப் போகவில்லை. ஆராதனைக்குப் போனேன், பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் ஆசைப்பட்டு அடைந்தவை எத்தனை நாள் என்னைச் சந்தோஷமாக வைத்திருந்தன?

டிப்ளமா, முதல் வகுப்பில்: நாலு நாள்.
இந்த வேலை: ஒன்பது நாள்.
கைக்கடிகாரம்: ஒரு வாரம். பிறகு அதைப் பார்த்தாலே அவசரம்தான் வந்தது.

அப்படியானால் பம்பாய்? தாராளமாக ஒரு மாதம் என்று வைத்தேன். அதன் பிறகு நான் எங்கே போனாலும் எனக்குள் இருக்கும் இந்த ஆள்தானே என்னோடு ரயிலேறி வருவான்?

ரோச்சுக்கு நான் இதுவரை எண்ணிய முழுக்கு எழுபத்திரண்டு. எல்லாமே வெறுங்கை. சிரிக்காமல் வந்தது ஒரு நாள் மட்டும், அதுவும் நான் கெடுத்த நாள்.

பிப்ரவரி 18, திங்கள்.

துரை கெடு வைத்துவிட்டார். புதனோடு தேடலை நிறுத்திவிட்டு, ஸ்ராங்கையும் ஒரேயடியாக அனுப்பிவிடுவாராம்.

மத்தியானம் வெயிலில் ரோச் குளிர்காய்ந்துகொண்டிருந்தான். கேட்டேவிட்டேன்: ஒன்றும் கிடைக்காமல் எதற்கு இந்தச் சிரிப்பு? பிறவிக் குணமா?

தொம்மை குறுக்கே விழுந்தான். "இவனுக்கா? இவன் ஒருத்தன் பல்லை ஒடைச்சவன் சார்!"

"ஒரு பல்லுதாம்லே. அதுவும் ஆடுன பல்லு" என்றான் ரோச். பிறகு என்னைப் பார்த்து: "ரெண்டு வருசத்துக்கு முன்னால இவங்கூட மொறைச்சுக்கிட்டே இறங்கினேன் சார். கீழ போயும் இவனுக்குப் பதில் சொல்லிட்டே இருந்தேன், மனசுக்குள்ள. நல்ல நல்ல பதிலா வருது. கயித்த இழுக்கணும்னே தோணல. மூக்குல ரத்தத்தோட தூக்கிப் போட்டானுவ. அன்னையில இருந்து கொட்டிட்டுத்தான் இறங்குதேன், சிரிச்சுக்கிட்டுத்தான் ஏறுதேன். வெறுங்கையோட வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டா அடுத்த முழுக்குக்கு மூச்சு ஏது? இது ஒங்களுக்குக் காட்டுத சிரிப்பு இல்ல. நெஞ்சுக்கூட்டுக்கு."

ஒரு தடவை பழகினால் போதாதா என்றேன்.

"தோணிக்கு அடியில பாசி பிடிக்குது. ஒருக்கா சொரண்டினாப் போதுமா? நீங்க அந்தக் கடியாரத்துக்குத் தெனம் சாவி கொடுக்கேளே, யாராவது ஏன்னு கேக்கமா?"

தோணி முழுக்கச் சிரிப்பு. இன்று முதல் என் பெயர் கடியாரம். கோபம் வந்தது. வந்துவிட்டுப் போயும் விட்டது. போனதைக் கவனித்தேன். அது புதுசு.

அவனிடம் சொந்தத் தோணி இல்லை. குடிசைக்குக் கூரை பாதி. ஆனால் தன் உள்ளே என்ன இருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாக அளக்கத் தெரிந்த இன்னொருவனை நான் பார்த்ததில்லை. எங்களுக்குக் கல்லூரியில் நீராவி அழுத்தம் அளக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இதை ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 19, செவ்வாய்.

0. நாளை கடைசி.

பிப்ரவரி 20, புதன். மாலை.

கை எரிகிறது. கயிறு உரித்த இடம். முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

தொம்மைக்குக் காய்ச்சல், வரவில்லை. அலை இருந்ததால் துடுப்புக்காரர்கள் இருவரும் தோணியை இடம் நகராமல் நிறுத்த வேண்டியிருந்தது. கயிறு நான் பிடிக்கிறேன் என்றேன். ஒரு வாரமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாததா?

ரோச் இறங்கவில்லை. என் எதிரே உட்கார்ந்தான்.

"மொதல்ல நான் கொட்டுதேன். மொத நாள் என்ன 'வேகமா இறங்குலே'ன்னு நாயை வெரட்டுத மாதிரி வெரட்டினீரு. கடல்ல தள்ளிவிடலாமான்னு பாத்தேன். அம்புட்டுத்தான், போச்சு. இப்ப நீரு."

எனக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"இருக்கு சார்."

"நேரமாகுது, இறங்கு."

"ஒம்ம பிடி சரியில்ல. கயிறு வழியா எனக்குத் தெரியும். கீழ நான் இழுக்கையில மேல இருக்கவன் வேற எங்கனயோ இருந்தா நான் செத்தேன். எம் பிள்ளைக்கு ஒண்ணரை வயசு சார்." அவன் சிரிக்கவில்லை.

மணி 8.10. துடுப்பு இரண்டும் தண்ணீரில் தட்டிக்கொண்டிருந்தன. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அவன் கடியாரம் என்று கூப்பிடுவது பிடிக்கவில்லை என்று சொன்னாலும் போதும். வாய் திறந்தபோது வந்தது வேறு.

"பின்னு நான் போடல. ஸ்ப்ளிட் பின்னு. அரை மணி நேரத்துக்குச் சோம்பப்பட்டு விட்டுட்டேன். அய்யாக்குட்டி மேல தப்பே இல்ல. எனக்குத் தெரியும். அஞ்சாந்தேதியே தெரியும்."

பின்பக்கத் துடுப்புக்காரன், "அடப்பாவி, இதுக்கா நாங்க ஒம்பது நாளாத் துடுப்புப் போடுதோம்!" என்றான். ரோச் முதலில் சிரித்தான். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புக் காற்று என்று எழுத மாட்டேன்.

"அரசாங்கமே கவுந்தாப்பல இருந்தீரு. ஒரு பின்னா?" என்று சொல்லிவிட்டுக் கல்லில் கால் வைத்து இறங்கினான்.

கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன். கயிற்றை மட்டும் பார்த்தேன். விரல்களில் அவன் நடப்பது, நிற்பது, குனிவது எல்லாம் தெரிந்தது. எத்தனை விநாடி? தெரியாது. இந்தக் குறிப்பில் நேரம் இல்லாத ஒரே முழுக்கு அதுதான்.

நாலாவது முழுக்கில் சேற்றில் புதைந்த ஓர் இதழ் அவன் காலில் தட்டியது. ஐந்தாவதில் வடம் கட்டினான். 9.35-க்குப் புரொப்பல்லர் மேலே வந்தது.

பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனால் மனசில் அந்த லேசு 8.10-க்கே வந்துவிட்டது. அது முதலில், புரொப்பல்லர் பிறகு; நினைவிலிருந்து சரிபார்த்தேன்.

பிப்ரவரி 21, வியாழன்.

துரையிடம் சொன்னேன். நின்றுகொண்டே, நாலு வாக்கியம். அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். பொருள்தான் கிடைத்துவிட்டதே, இப்போது எதற்காகச் சொல்கிறாய் என்று கேட்டார். அய்யாக்குட்டி எப்போது வேலைக்கு வரலாம் என்று கேட்டேன். திங்கட்கிழமை வரட்டும் என்றார். பம்பாய்க்கு வேறு ஆள் போவான். என்னை எச்சரிப்பதாகக் கடிதம் வரும்.

அங்கிருந்து நேரே அய்யாக்குட்டி வீடு. சொன்னேன். அவர் கட்டிப்பிடிக்கவில்லை. "பதினாறு நாளா என் கையவே நான் நம்பல" என்றார். மன்னிக்கச் சொன்னேன். "இரும் சார். கொஞ்ச நாளு நான் கோவமா இருந்துக்கிடுதேன். எனக்கும் வேண்டாமா?" என்றார். இசக்கியம்மாள், அவர் சம்சாரம், காப்பி கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தோம்.

பிப்ரவரி 22, வெள்ளி.

பேப்பரில் பம்பாய்ச் செய்தி: கடற்படைக்காரர்கள் வேலைநிறுத்தம், ஊரே கொதிக்கிறது. பம்பாய் என்ற சொல்லைப் படித்ததும் நெஞ்சில் ஒரு குத்து. இருந்தது. மறைக்கவில்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு. இரவு 8.00. கொட்டி ஐந்தாம் நாள்.

அந்த லேசு போகவில்லை. தானாகவும் நிற்கவில்லை. நேற்று ஃபிட்டர் மேல் ஒரு தடவை கத்தினேன், உடனே குறைந்தது. கூப்பிட்டுப் பேசினேன், திரும்பி வந்தது. ரோச் சொன்ன பாசி இதுதான் போல.

நாளை செய்ய வேண்டியவை:

1. காலை 5.30: கடிகாரத்துக்குச் சாவி. எனக்கும். பத்து நிமிஷம் சும்மா உட்காருவது.

2. தொம்மைக்குக் காய்ச்சல் விட்டதா என்று திரேஸ்புரத்தில் விசாரிப்பது. வேட்டி விஷயத்தைப் பற்றிக் கேட்காமலிருப்பது.

3. ஸ்டோரிலிருந்து ஸ்ப்ளிட் பின் ஒரு பெட்டி. 'ராணி'க்கு ஒன்று போடுவது, அய்யாக்குட்டி கண் முன்னால். வளைக்கும் வேலை அவர் கையால்.

4. எஞ்சினைக் கிளப்பும் முன் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டுவது. முதலில் அவர்.

5. அவர் சொல்லி முடிக்கும் வரை கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பது.