அவள் காரில் போகவில்லை

ஏப்ரல் 9, 1942

நண்பகலில்தான் எழுந்தேன். அடுப்பின் மேல் நேற்றைய காபி. என் மனைவி டெல்ஃபினா பக்கத்து நகரமான லா பிளாத்தாவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மதியம் ஒத்திகை. முடிந்ததும் இசைக்குழுத் தலைவர் லரால்தே பியானோ மேல் சாய்ந்துகொண்டு, “குளிர்காலத்துக்குப் புதுசா ஒரு டாங்கோப் பாட்டு வேணும் அமதேயோ. கேக்கறவனுக்கு உள்ள ஏதாவது கழண்டு விழணும்” என்றார். ஒரு மெட்டு இருக்கிறது என்றேன். வீடு காலியான வாரத்தில் கை தானாகவே கண்டுபிடித்தது அது. வாசித்தேன். பந்தோனியோன் என்ற கைத்துருத்தி வாத்தியம் வாசிக்கும் நால்வரும் துருத்தியை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். “வார்த்தை போடச் சொல்லு உன் சிநேகிதனை” என்றார் லரால்தே.

சிநேகிதன் எவாரிஸ்தோவைக் காபிக்கடையில் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவன். நகரத்தில் பாதிப் பேர் முணுமுணுக்கும் பாட்டுகள் அவன் எழுதியவை. “என்னடா ஒல்லி, மூஞ்சி இப்படி இருக்கு?” என்றான். சொல்லிவிட்டேன். அக்கா கணவன் ஃபெர்மினின் ரொட்டி வண்டியில் அவள் ஏறிப் போனதை, தொப்பி தைக்கும் மர அச்சுகளைக் கூடைகளுக்கு நடுவே அடுக்கியதை, கோட்டுக் கையில் மாவு ஒட்டியிருந்ததை. கடைசியாகச் சொன்னதையும்: “நான் முழிச்சிருக்கறப்ப நீ தூங்கறே. நீ முழிச்சிருந்தா பியானோகிட்டத்தான் பேசறே. இந்த வீட்டுல நான் யாரு?”

எவாரிஸ்தோ காபி ஆறிப்போனது தெரியாமல் கலக்கிக்கொண்டே இருந்தான்.

ஏப்ரல் 17

வார்த்தைகள் வந்துவிட்டன. எவாரிஸ்தோ நின்றுகொண்டு படித்தான். ஒரு பெண், தோளில் விலங்குத்தோல் போர்வை, வேறொருவன் வாங்கித் தந்த வாசனை. வாசலில் பளபளவென்று கறுப்புக் கார். ‘காரின் புகையில் கரைந்துபோனவளே’ என்று முடிகிறது.

“அது ரொட்டி வண்டிடா” என்றேன்.

“ரொட்டி வண்டின்னு பாடினா ஜனம் சிரிக்கும்டா.”

நானும் சிரித்துவிட்டேன். பிறகு வாசித்துப் பார்த்தேன். என் மெட்டின் மேல் தோல் போல ஒட்டிக்கொண்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டேன்.

ஏப்ரல் 25

ஒத்திகையில் எங்கள் குழுவின் பாடகன் பெல்மார் அதைப் பாடினான். வயலின்காரர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். அவர் எதற்கும் எடுப்பவர் இல்லை.

மே 10

கிளப்பில் ஞாயிறு மதிய நடனம். புதுப் பாட்டின் இரண்டாம் அடியிலேயே ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்தின. மேடைக்குக் கீழே வந்து தலையை நிமிர்த்தி நின்றுவிட்டார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி. மூன்று தரம் வாசிக்க வைத்தார்கள். லரால்தே என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். பதினோரு வருடத்தில் இது முதல் தடவை.

மகிழ்ச்சியாக இருந்தது. என்னிடமே மறைக்க என்ன இருக்கிறது? அவள் போனதால் கிடைத்த மகிழ்ச்சி. ஆனாலும் மகிழ்ச்சிதான்.

மே 28

வானொலியில் போட்டு இரண்டு வாரமாகிறது. இன்று கறிக்கடைக்காரர் இறைச்சியைப் பொட்டலம் கட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “விடு தம்பி. அதைவிட நல்லவளா கிடைப்பா” என்றார். ஒன்றும் புரியாமல் நன்றி சொன்னேன்!

படியேறும்போது கீழ்வீட்டு எர்சிலியா அம்மா நிறுத்தினாள். “எனக்கு அன்னிக்கே தெரியும்பா. அந்த வண்டிக்காரன் மீசையைப் பாத்தப்பவே தெரியும். அக்கா புருஷனாம்ல, அக்கா புருஷன்!”

வீட்டுக்குள் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். வண்டியை எல்லோரும் பார்த்தார்கள். பாட்டையும் எல்லோரும் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஃபெர்மின் — மூன்று பிள்ளைகளின் தகப்பன், விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவன் — அவனா அந்தக் கறுப்புக் கார்க்காரன்?

மே 29

எர்சிலியா அம்மாவுக்கு நான் ஏன் பதில் சொல்லவில்லை?

ஜூன் 6

டெல்ஃபினா வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. மழையில் தொப்பி நனைந்திருந்தது.

“ஃபெர்மின் கடையில வரவங்க ரொட்டி வாங்கிட்டு அந்தப் பாட்டை சீட்டியடிச்சிட்டுப் போறாங்க. இந்தத் தெருவுலேர்ந்து யாரோ அங்க கதை கொண்டுபோயிருக்காங்க. அவரு கல்லாவுல நிக்கறதையே விட்டுட்டாரு. அக்காவுக்கு என் மேல சந்தேகம் இல்ல. ஆனாலும் நாலு நாளா என் முகத்தைப் பாத்துப் பேசலை.”

“வார்த்தை எவாரிஸ்தோ எழுதினது” என்றேன்.

“அவனுக்கு எப்படித் தெரியும்?”

நான் பியானோ மூடியைச் சாத்தினேன்.

“அமதேயோ, நான் ஏன் போனேன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப அதை ஏன் யாரும் பாடலை?”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். உள்ளே போய் மறந்து வைத்துவிட்டுப் போன தொப்பி இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். எதையும் செய்யச் சொல்லவில்லை. நான் செய்வேன் என்று அவள் நினைக்கக்கூட இல்லை போலிருக்கிறது.

ஜூன் 8

எவாரிஸ்தோவிடம் காரை எடுத்துவிடச் சொன்னேன்.

“காரை எடுத்தா பாட்டே இல்லைடா. அவ உன் பொண்டாட்டி இல்லை. ஊர்ல ஓடிப்போன எல்லாரும் அவதான். அதனாலதான் ஜனம் அழுவுது.”

“என் தெருவுல அவ ஒருத்திதான்.”

“நீ என்கிட்ட வந்து சொன்னியே, எதுக்கு? பாட்டெழுதறவன்னு தெரியாமலா சொன்னே?”

“சிநேகிதன்னு நினைச்சுச் சொன்னேன்.”

அவன் முகம் செத்துவிட்டது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் வேறென்ன சொல்ல?

ஜூன் 10

இருபத்திரண்டாம் தேதி இசைத்தட்டுக்குப் பதிவு. மெட்டுப் போட்டவன் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். லரால்தே காகிதத்தைப் பியானோ மேல் வைத்துவிட்டுப் போனார். மேலே ஒரு பேனாவும்.

ஜூன் 15

நானே உட்கார்ந்து வேறு வார்த்தை எழுதிப் பார்த்தேன். பகலில் தூங்கும் ஒருவன், அவனுக்காகக் காத்திருந்து பேச்சே மறந்துபோன ஒருத்தி. நிஜம்தான். பாடிப் பார்த்தால் மளிகைக் கடைக்காரனிடம் கணக்குச் சொல்வது போல இருக்கிறது. பொய் மட்டும் எப்படி இவ்வளவு அழகாக மெட்டில் உட்காருகிறது?

எழுதினதைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் 19

சொல்லிவிட்டேன். பாட்டில்லாமல் வெறும் இசையாகப் பதிவு செய்யுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த வார்த்தைகளோடு என்றால் மெட்டு கிடையாது.

லரால்தே கோபப்படவில்லை. “வாயில்லாத பிள்ளையை யாருப்பா வாங்குவா? ஊரே பாடுது. நீ நிறுத்தினா நின்னுடுமா?”

“நிக்காது மேஸ்ட்ரோ. ஆனா என் கை அதை வாசிக்காது.”

பெல்மார்தான் வெடித்தான். எட்டு வருடமாக ஒவ்வொரு குழுவிலும் நாலு அடி பாடிவிட்டு உட்கார்ந்தவன். முழுசாக அவன் பெயரில் வந்த முதல் பாட்டு இது. “உன் வீட்டுச் சண்டைக்கு என் தொண்டையை ஏண்டா அறுக்கறே?” என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

லரால்தே என் இசைக்குறிப்பு நோட்டுகளைத் தாமே அடுக்கிக் கொடுத்தார். “நாளைக்கு வேற ஆள் உக்காருவான். மனசுல வெச்சுக்காதே” என்றார். பதினோரு வருடம்.

ஜூலை 2

சிறுமிகளுக்கு நடனம் சொல்லித்தரும் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு. ஒரே வால்ட்ஸ் நடன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். ஆசிரியை கோலால் தரையைத் தட்டுகிறாள், நான் அவள் தாளத்துக்குப் பின்னால் ஓடுகிறேன். டிராமில் காலையில் எத்தனை கூட்டம்! இவ்வளவு பேரும் இத்தனை வருடமாக இந்த நேரத்தில் இங்கேதான் இருந்தார்களா?

ஜூலை 12

லா பிளாத்தா போனேன். ஞாயிறு காலை, ஃபெர்மின் கடையில் நல்ல கூட்டம். அவன் கல்லாவில் இல்லை. பின்கட்டிலிருந்து தட்டோடு வந்தவன் என்னைப் பார்த்து நின்றான். மீசை நிஜமாகவே பெரிதுதான்.

“வாய்யா இசைமேதை! என் காரைப் பாக்க வந்தியா? வெளியதான் நிக்குது. கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கேன், மெதுவா தொறந்து பாரு.”

கடையில் சிரிப்பு. ஒருவன் சீட்டியடித்தான், அந்த மெட்டை. என் மெட்டை.

எப்படித்தான் வாய் வந்ததோ. “அந்த மெட்டைப் போட்டவன் நான்தான்” என்றேன். மேடையில்கூட நான் பேசினதில்லை. “என் மனைவி வெளிய நிக்கற அந்த வண்டியிலதான் வந்தா. ரொட்டிக் கூடைக்கு நடுவுல உக்காந்து வந்தா. எவனோடயும் வரலை. பேசாத புருஷனோட இருக்க முடியாம அக்கா வீட்டுக்கு வந்தா. அவ்வளவுதான் கதை.”

வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மாள், “அப்ப அந்தக் கறுப்புக் கார்?” என்று கேட்டாள்.

“கார் கிடையாதும்மா.”

“ஐயோ, அதுதானே அதுல நல்ல இடம்” என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஆறு ரொட்டி வாங்கிப் போனாள். ஃபெர்மின் தட்டைக் கீழே வைத்தான். வந்து கல்லாவில் நின்றான்.

பின்கட்டு வாசலில் டெல்ஃபினா. வாயில் குண்டூசிகள். ஒவ்வொன்றாக எடுத்தாள். “உனக்கு இவ்வளவு சத்தமா பேச வரும்னு எனக்குத் தெரியாது” என்றாள். அவள் அக்கா ஓத்திலியா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

மாலை ரயிலில் திரும்பினேன்.

ஆகஸ்ட் 2

நாலாவது ஞாயிறு. இன்று பூங்காவரை நடந்தோம். பள்ளிச் சிறுமிகள் கதை சொன்னேன். சிரித்தாள்.

ஆகஸ்ட் 30

எவாரிஸ்தோ அந்த வார்த்தைகளை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டானாம். வேறு மெட்டு, வேறு குழு. ஆனால் பாடுவது பெல்மார்தான்! அவனுக்காகச் சந்தோஷப்பட முயன்றேன். பாதி முடிந்தது.

அக்டோபர் 4

நகரம் முழுக்க அந்தக் கறுப்புக் கார்தான். டிராமில், முடிவெட்டும் கடையில், எர்சிலியா அம்மா துணி உலர்த்தும்போது. என் மெட்டை யாருக்கும் நினைவில்லை. நான் நிறுத்தியது பாட்டை இல்லை. என் பெயரை மட்டும்தான் அதிலிருந்து எடுத்தேன். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

இன்று லா பிளாத்தாவில், மைதானத்துக்கு எதிரே ஒரு கடை வாசலில் டெல்ஃபினாவோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வானொலியில் பெல்மார் பாடினான். எழுந்து போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கை காட்டினாள். கடைசி அடி வரை கேட்டாள். பக்கத்து மேசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் பாடறான்” என்றாள். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “மெட்டு சுமார்” என்றாள்.

இதை ஓத்திலியா வீட்டு மாடி அறையில் எழுதுகிறேன். மேசை முழுக்கத் தொப்பிகள். ஓரத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தந்திருக்கிறாள் டெல்ஃபினா. எழுதினது போதும், விளக்கை அணை என்கிறாள்.