மூடின ஜாடிக்கு முதல் பக்கமா, மச்சான்?

என் அருமை மச்சான் மரியதாஸ்,

ராயபுரத்தில் இதுவரை எவனும் சொல்லாத, சொன்னாலும் எவனும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய இந்தக் கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீ மேலே போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அங்கே பேப்பர் வருமோ வராதோ, அதனால் முதலில் சேதி: உன் மகள் ஸ்டெல்லா டாக்டர் ஆகப்போகிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஈஸ்ட் டாக்டர்!

சந்தோஷம்தானே? எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வயிறு எரிகிறது. மணலி எண்ணெய் ஆலைப் புகைபோக்கி உச்சியில் அணையாமல் எரியுமே ஒரு நெருப்பு, அதைப் பிடுங்கி என் வயிற்றில் நட்டுவைத்த மாதிரி எரிகிறது. காரணம் நீ. செத்தும் என்னை முந்திக்கொண்டு போகிறாய்.

கிறிஸ்மஸ் ஒயினுக்கு நாம் ரெண்டு ஜாடி போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டில் ஒன்று, என் வீட்டில் ஒன்று. அதே திராட்சை, அதே சர்க்கரை, அதே ஈஸ்ட். நீ மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து ஒட்டிவிட்டால், பண்டிகைக்கு முந்தின நாள் வரைக்கும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டாய். மனுஷனா நீ? நான் தினமும் திறப்பேன். கரண்டி விட்டு ருசி பார்ப்பேன். பாவம், உள்ளே தனியாகக் கிடக்கிறதே என்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டு மூடுவேன்.

கடைசியில் உன் ஜாடியில் ஒயின், என் ஜாடியில் வினிகர். அதில் ஒரு சொட்டுக் குடித்த காசிமேட்டுக் காக்கா திருவொற்றியூர் வரைக்கும் பின்பக்கமாகவே பறந்து போனது. பங்குச் சாமியார் உன் ஒயினில் ரெண்டாவது டம்ளர் கேட்பார். என் ஒயினைப் பார்த்தால் சிலுவை போட்டுக்கொள்வார்.

எட்டு வயதில் ஸ்டெல்லா கேட்டாள்: "இன்னா மாமா, ஒன்னுது மட்டும் இப்டி பூடுச்சு?" நீ சிரித்தாய். நான் கடற்காற்றின் மேல் பழியைப் போட்டேன். மச்சான், நன்றாகக் கவனி. அந்தக் கேள்விதான் அவளை ஆராய்ச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கேள்வி எந்த ஜாடியிலிருந்து வந்தது? கெட்டுப்போன என் ஜாடியிலிருந்து! உன் ஒயினைப் பார்த்து எவன் கேள்வி கேட்டான்? குடித்தான், ஏப்பம் விட்டான், வீட்டுக்குப் போனான்.

போன ஞாயிறு பூசை முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். என் தங்கச்சி பிலோமினா அடுப்படியில் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் ஸ்டெல்லாவின் ஆய்வேடு, பைண்டிங்குக்குப் போகும் முன்னே கத்தையாகக் கிடந்தது. சாத்தாங்காட்டு இரும்பு லாரிகூட ஏற்ற மறுத்துவிடும், அத்தனை கனம். எல்லாம் இங்கிலீஷ். முதல் பக்கம் மட்டும் தமிழில், ஒரே வரி: ‘மூடி வைக்கக் கற்றுத்தந்த அப்பாவுக்கு.’

எனக்கு ஒரு கமாகூட இல்லை. உன்னை அடக்கம் செய்த வாரம் அவள் படிப்பை விடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்போது பஸ்ஸில் கூடவே போய், சாயங்காலம் வரைக்கும் கல்லூரி வாசல் பெஞ்சில் காவல் கிடந்தது யார்? நீயா?

பிலோமினா மளிகை லிஸ்ட் எழுதுகிற பென்சில் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். உன் வரிக்குக் கீழே எழுதினேன்: ‘திறந்து பார்த்த மாமாவுக்கும்.’

ஸ்டெல்லா வந்து பார்த்துவிட்டாள்.

"மாமா, இது யாரு எழுத்து?"

"பரிசுத்த ஆவியா இருக்கும்மா."

"பரிசுத்த ஆவி மளிகை பென்சில்லயா எழுதும்?"

அடுப்படியிலிருந்து உன் பொண்டாட்டி: "இன்னாடி அங்க? ஒங்க மாமா இன்னா பண்ணிக்கினு கீறாரு?"

"பேரு போட்டுக்கினு கீறாரும்மா, கல்யாணப் பாத்திரத்துல போடுற மாதிரி!"

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, ரெண்டு படம் காட்டினாள். ஈஸ்ட் ஒற்றைச் செல்லாம். அதற்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டியாக இருக்குமாம். ஆக்சிஜனை வாங்கிச் செல்லுக்குச் சக்தி தயாரிப்பது அதன் வேலை. எனக்கு உடனே விளங்கிவிட்டது, நம் எண்ணூர் அனல் மின் நிலையம்தான். முதல் படம் காற்றோடு வளர்ந்த ஈஸ்ட். உள்ளே மைட்டோகாண்ட்ரியா மடிப்பு மடிப்பாகக் கொழுத்துக் கிடந்தது. ரெண்டாவது, ஆக்சிஜனே இல்லாமல் வளர்ந்தது. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இதுல கரண்டு ஆபீஸ் எங்கம்மா?"

"அப்டித்தான் மாமா மொதல்ல நெனச்சாங்க, காத்து இல்லேன்னா அது காணாம பூடுதுன்னு. அந்த ஈஸ்ட் செல்லைப் பதமா தயார் பண்ணிப் பாத்தா, கீது. மடிப்பெல்லாம் போயி, சுருங்கி, சின்னதா கீது. மூச்சு வுட முடியாது. ஆனா வேற வேலையெல்லாம் செஞ்சுக்கினுதான் கீது. காத்து குடுத்தா மறுபடி மடிப்பு வச்சு வளரும்."

"அப்போ மூடியைத் திறந்தவன்தான் அதை வளர்த்தவன்!" மேசையில் ஒரு குத்து விட்டேன். துறைமுகத்தில் மூன்று கப்பல் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடின. "போடு என் பேரை!"

"வளத்தே மாமா. கூடவே வினிகர் பண்ற கிருமியையும் சேத்து வளத்தே."

அதோடு விட்டிருந்தால் நான் சண்டையைத் தொடர்ந்திருப்பேன். அவள் பென்சில் வரியை விரலால் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அப்பாக்கு இந்த ஒரு பக்கம்தான் மாமா கீது. ஒனக்குத்தான் டெய்லி போன் பண்றேன்ல?"

மேசையில் குத்தின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன் மச்சான்.

உண்மைதான். எந்த மாத்திரையை மறந்தேன், மதியம் எதைத் தின்றேன் என்று தினமும் கூப்பிட்டுத் திட்டுகிறாள். போன வாரம் ஆய்வகத்தில் எதையோ உடைத்துவிட்டு, அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் என்னிடம் அழுதாள். உனக்கு நாலே வார்த்தை. அதையும் நீ படிக்கப்போவதில்லை. இப்போது உன் முறை. நீ பொறாமைப்படு! ஜெயித்த பிறகும் உன் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்டா.

காக்கா என் புளுகு. கப்பலும் புளுகு. மற்றதில் எதை நம்புவது என்று உன் இஷ்டம். ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியமாக நிஜம்: ரப்பர் கிடைக்காமல், ரொட்டியைக் கிள்ளி உருட்டி, அந்தப் பென்சில் வரியை அழித்தது நான்தான். அழிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. பக்கம் முழுக்க உனக்குத்தான்.

வாக்குக் கொடுக்கிறேன்: இனி அவள் போன் பண்ணும்போது முதல் அஞ்சு நிமிஷம் உன்னைப் பற்றித்தான் பேசுவேன். ஆறாவது நிமிஷத்திலிருந்து குறுக்கே வராதே.

இப்படிக்கு,
உன் பிலோமினாவின் அண்ணன், உன் மகளுக்கு ஒரே தாய்மாமன்,
அந்தோணி