வேண்டாத அவகாசத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கோரி

அனுப்புநர்
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி,
பதிவெண் 41,
மகளிர் விடுதி, அறை எண் 17.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தேர்வுப் பிரிவு அலுவலகம்.

பொருள்: ஆய்வேடு ஒப்படைப்பு – எனக்கு வழங்கப்பட்ட மூன்றாவது கால நீட்டிப்பை ரத்து செய்து, ஆய்வேட்டை இப்பருவத்திலேயே பெற்றுக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது புகார் மனுதான். யார் மேல் என்பது எழுதி முடிக்கும்போது தெரிந்துவிடும் என்று நம்பித் தொடங்குகிறேன்.

1. பேருந்து நிலைய அறிவிப்பாளர்களின் வேலைமுறை பற்றிய என் ஆய்வேட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியிருக்கிறேன். முதல் முறை காய்ச்சல், அது உண்மை. இரண்டாம் முறை 'கூடுதல் தரவுகள் தேவை' என்று எழுதினேன். தரவுகள் எல்லாம் கையில்தான் இருந்தன. எழுத உட்கார்ந்தால் எனக்கு அறையைப் பெருக்கத் தோன்றும். விடுதியிலேயே சுத்தமான அறை என்னுடையது. தோழிகள் என்னை 'நாளைக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

2. எனக்கு எழுதப் பிடிக்காது என்று தாங்கள் எண்ண வேண்டாம். ஒரு வரி சரியாக அமைந்துவிட்டால் அன்று முழுக்க யார் மேலும் கோபம் வராது. அமையாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பேனாவையே தொடாமல் இருக்கிறேன். இது எனக்கே புரியவில்லை.

3. ஆனாலும் எழுதி முடித்தேன். கடைசி நாளான 4ஆம் தேதி, பைண்டு செய்த மூன்று பிரதிகளுடன் மூன்றாம் எண் சாளரத்துக்கு வந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நீட்டிப்புக் கடிதத்தையும் எழுதிப் பிரதிகளின் மேல் வைத்திருந்தேன். நான் செய்த தவறு அதுதான். என் முகத்தைப் பார்த்ததும் பிரிவு எழுத்தர், "மறுபடியுமா? குடும்மா" என்று கடிதத்தை உருவிக்கொண்டார். முத்திரை குத்தினார். "இதான் கடைசி தரம், சொல்லிட்டேன்" என்றார்.

4. மூன்று பிரதிகளும் அவர் கண்ணெதிரே சாளரத் திட்டில்தான் இருந்தன. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு, பிரதிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோது, திடீரென்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதுபோல அவ்வளவு நிம்மதி. கால் மணி நேரம் கழித்து அதே பெஞ்சில் அழுதேன். இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை தெரியவில்லை.

5. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து, "குடுத்துட்டேம்மா" என்றேன். எதைக் கொடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. அம்மா தையல் கடையில் வேலை செய்கிறார். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் மகள் ஆய்வேடு முடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6. மறுநாளே திரும்பி வந்தேன். நீட்டிப்பு பெற்றவர்கள் அடுத்த பருவத்தில்தான் ஒப்படைக்க முடியும் என்றார்கள். ஆனால் என் நெறியாளர் அம்மையார் இம்மாதம் 30ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அதன்பின் புதிய நெறியாளர், புதிய தலைப்பு, எல்லாமே முதலிலிருந்து. அம்மையார் என் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. போதும், கையை எடு" என்றார். கையை எடுக்கத்தான் தெரியவில்லை.

7. கிடைத்த அவகாசம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஒரு பிரதியைத் திறந்து சிவப்பு மையால் திருத்தத் தொடங்கினேன். முன்னுரையின் முதல் வரியைப் பதினொரு முறை மாற்றியாகிவிட்டது. பழைய வரியே தேவலை. மற்ற இரண்டு பிரதிகளையும் அறைத்தோழியின் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். சாவி அவளிடம் இருக்கிறது. நான் இரண்டு முறை கேட்டும் தரவில்லை.

8. பிரிவு எழுத்தர் மேல் நடவடிக்கை ஏதும் வேண்டாம். நான் எதற்கு வந்திருப்பேன் என்று அவர் சரியாகத்தான் கணித்தார். அன்று ஒரு நாள் மட்டும் நான் வேறு ஆளாக வந்திருந்தேன். அதை நானும் அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே, அந்த நீட்டிப்பை ரத்து செய்து, அறைத்தோழி இம்மனுவுடன் கொண்டுவரும் இரண்டு பிரதிகளையும் 4ஆம் தேதியே ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவு செய்ய உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். மேலும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் திருத்தித் தருகிறேன் என்று நாளை நானே சாளரத்தில் வந்து நின்றால், தயவுசெய்து பிரதிகளைத் தர வேண்டாம். கையில் கடிதம் வைத்திருப்பேன். அதில் காரணம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். நம்ப வேண்டாம்.

இடம்: நூலகம், சன்னலோர மேசை
நாள்: 14 (முன்பு எழுதிய 7, 9, 12 ஆகியவை என்னால் அடிக்கப்பட்டன)

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பதிவெண் 41