பாடை இறங்கும் சந்தில் உன் குரல்

காட்மாண்டு,
மார்கழி, தேய்பிறை ஏகாதசி

சௌபாக்கியவதி சஹனசீலாவுக்கு, பசுபதிநாதர் திருவடி நிழலிலிருந்து உன் தந்தை தீர்த்தலால் எழுதுவது. இங்கு உன் தாயும் நானும் உடலளவில் நலம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் எல்லா அளவிலும் நலமாயிருக்க அந்த முக்கண்ணனை நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். முறைப்படி நலம் விசாரித்தாகிவிட்டது. இனிக் கோபத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் நான் எதைச் சொன்னாலும் நீ "பாக்கறேன்பா" என்கிறாய். அந்தச் சொல்லை இதுவரை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணினால் ஜபமாலை போதாது. ஆகவே கடிதம் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் குறுக்கிட்டுப் பேச முடியாது.

வழிகாட்டியின் துணையில்லாமல் தாமாகவே நடந்து நம் நகரைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்காக நீ உன் குரலில் ஆங்கிலத்தில் பேசிப் பதிந்து உலகத்தின் கைப்பேசிகளில் ஏற்றிவைத்திருக்கிறாயே, அந்த நடைவழியைப் பற்றித்தான் சொல்கிறேன். உன் முயற்சியை நான் குறை சொல்லவில்லை. காஷ்ட மண்டபத்தைப் பற்றியும் ஆகாச பைரவரைப் பற்றியும் நீ சொல்லியிருப்பதை உன் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய கவிகள் அன்னத்தையும் மேகத்தையும் தூது விட்டார்கள். நீ உன் குரலையே முன்பின் தெரியாதவர்களின் சட்டைப்பைகளில் வைத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறாய் என்று கோயிலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமை நான்கு நாள் நின்றது. பிறகுதான் கவனித்தேன், உன் பேச்சைக் கேட்டு நடப்பவர்கள் அத்தனை பேரும் தெய்வத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அன்னபூர்ணையை இடம் வருகிறார்கள், மச்சேந்திரநாதரை இடம் வருகிறார்கள், மொத்த நகரத்தையே இடம் வருகிறார்கள். தேரும் சுவாமியும் நூற்றாண்டுகளாக வலம் போகிற தெருவில் காலையில் ஒரு கூட்டம் எதிர்த்திசையில் வருகிறது, அதை வழிநடத்துவது என் மகள். கேட்டால், இப்படி நடந்தால்தான் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், படம் நன்றாக வரும், முடிக்கும் இடத்தில் காப்பிக் கடை இருக்கிறது என்கிறாய். காப்பிக்காகச் சூரியனைச் சாட்சிக்கு இழுத்தவள் நம் வம்சத்தில் நீ ஒருத்திதான்.

அதையாவது அறியாமை என்று தெய்வம் பொறுக்கும். அந்தச் சந்து விஷயத்தை யார் பொறுப்பது? விஷ்ணுமதி ஆற்றங்கரையிலிருந்து நம் பேட்டைக்கு ஏறிவர மூன்று வழி இருக்க, எந்த வழியில் இந்தப் பேட்டையின் பிணங்கள் மட்டும் இறங்குகின்றனவோ அந்தச் சந்தில் உலகத்தை ஏற்றிவிட்டிருக்கிறாய். நிழலான, வண்டி வராத, அமைதியான சந்து என்று அதற்குப் பாராட்டு வேறு. அது அமைதியாக இருப்பதன் காரணத்தை நீ கேட்டிருக்க வேண்டும். உன்னை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. நம் வழக்கத்தில் பெண்கள் முச்சந்திக் கல்லோடு நின்றுவிடுவார்கள், அதற்குக் கீழே பாடையோடு இறங்குவது ஆண்கள் மட்டும். பிறந்து வளர்ந்த தெருவில் நீ கால் வைக்காத ஒரே இடம் அதுதான். வரைபடத்தில் அது உனக்கு ஒரு குறுக்கு வழியாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த முச்சந்திக் கல் உனக்குத் தெரியும். இறந்தவர்களின் துணியைக் கழற்றிப் போடுகிற கல்லின்மேல், ஏறிவந்த களைப்புத் தீரச் சற்று உட்காருங்கள் என்று எப்படியம்மா உனக்குச் சொல்ல வாய் வந்தது? பக்கத்துத் தெருக் கல் என்று நினைத்துக்கொண்டேன் என்கிறாய். போன வாரம் ஒரு தம்பதி அதில் அமர்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன், அமைதியாகப் படி. குல்லாய்க் கடை அஷ்டமான் ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் காலமானது உனக்குத் தெரியும். தெரியாதது, அவர் இறுதிப் பயணம். நம் ஈமச் சங்கத்தார் பாடையைத் தூக்கிக்கொண்டு சந்தில் பாதி தூரம் இறங்கியிருந்தார்கள். முன்னால் பொரி இறைக்கிறவர், பின்னால் மகன் புஷ்பமான், அவனுக்குப் பின்னால் நான். கீழேயிருந்து உன் ஆட்கள் ஆறேழு பேர் ஏறி வந்தார்கள். நல்லவர்கள்தாம், பார்த்தவுடன் தொப்பியைக் கழற்றிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் பருத்த மனிதர், அந்தச் சந்தின் அகலம் உனக்குத் தெரியாது, அவரும் பாடையும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க முடியாது. அவர் தடுமாறியதில் கைப்பேசி கீழே விழுந்து, மேல் தெருவுக்கென்று நீ பேசியிருந்தது சத்தமாக, உன் குரலில் எழுந்தது. கொஞ்சம் நில்லுங்கள், தலையை உயர்த்திப் பாருங்கள், மேல் மாடத்து மரச்சிற்பத்தில் ஒருத்தி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றாய். பாடையின் முன்பக்கம் தூக்கிய ஞானராஜ் திடுக்கிட்டு, "இது நம்ம மாஸ்டர் பொண்ணு குரலாச்சே" என்று நின்றேவிட்டான். அவன் நின்றால் நால்வரும் நிற்க வேண்டும். பாடை நின்றது. வீட்டு வாசலில் கிளம்பினால் ஆற்றங்கரை வரை எதற்கும் நிற்கக்கூடாது என்பதை நான் உனக்குச் சாஸ்திரம் காட்டி விளக்க வேண்டியதில்லை. நடுவழியில் நின்ற பாடை தனக்குத் துணை தேடும் என்பது நம் ஊர் அச்சம். அன்றிலிருந்து பேட்டையில் யாருக்கு இருமல் வந்தாலும் எல்லாரும் நம் வீட்டைப் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்ததும் சங்கம் கூடியது. புஷ்பமான் வெள்ளை உடையோடு எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "எங்கப்பாவ நடுவழியில நிறுத்தி வேடிக்க காட்டினாங்க. நாளைக்கி இவங்க வீட்டுல ஒண்ணுன்னா நான் தோள் குடுக்க மாட்டேன். யாரும் குடுக்கக் கூடாதுன்னு கேக்கறேன்." அவ்வளவுதான் சொன்னான். அதன் பொருள் உனக்குத் தெரியும். சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட வீட்டுக்குத் தோள் கிடையாது. நானோ உன் தாயோ கண்ணை மூடினால் பேட்டையில் ஒரு கதவும் திறக்காது. கூலிக்கு நால்வரைப் பிடித்துவர நீ மெல்போர்னிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். உடல் ஒரு பழைய ஆடை, அதை யார் கழற்றினால் என்ன என்று ஐம்பது வருடமாகப் பிறருக்கு உரை சொல்லிவந்தவன் நான். அன்று அந்த வாக்கியம் எனக்கு எட்டவில்லை. நம்மோடு சேர்ந்து உண்டவர்கள் நம்மைச் சுமக்க மாட்டார்கள் என்பதை ஞானத்தால் தாங்க இயலாது என்று தெரிந்துகொண்டேன்.

சங்கத்தின் மூத்தவர் பேகாலால் ஹூக்காவை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மாசி மாத ஆண்டு விருந்துக்குள் உன் நடைவழி வலப்புறமாகத் திருப்பப்பட வேண்டும், சந்தும் கல்லும் அதிலிருந்து நீங்க வேண்டும். நடந்தால் குற்றம் மன்னிக்கப்படும். இல்லையேல் விருந்தில் நம் வீட்டுக்கு இலை போடப்படாது, அதாவது நாம் நீக்கப்பட்டோம் என்று பொருள். அதுவரை தினமும் காலையில் ஒருவர் சந்தின் கீழ்முனையில் நின்று வருகிறவர்களைத் திருப்பிவிட வேண்டும். யார் என்று அவர் சொல்லவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஞானராஜ் மட்டும் சும்மாயிராமல், "மாஸ்டரே, நாப்பது வருசம் பசங்களுக்கு வழி காட்டினீங்க, இன்னும் கொஞ்ச நாள் காட்டிட்டுப் போங்க" என்றான். பாடையை நிறுத்தியவன் அவன், கேலியும் அவனுடையது.

ஆகவே உன் தந்தையாகிய நான் இப்போது விடியற்காலை ஆற்றுப் பனியில், இரட்டைச் சால்வை போர்த்திக்கொண்டு, சந்துமுனையில் நின்று உன்னோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ இடப்பக்கம் திரும்புங்கள் என்கிறாய், நான் நேரே போங்கள் என்கிறேன். அவர்கள் என்னை நம்புவதில்லை. நேற்று முன்தினம் ஒரு பெண்மணி மிகுந்த மரியாதையோடு கைப்பேசியை என் காதருகே நீட்டி, குரல் இப்படித்தான் சொல்கிறது, தாங்கள் தவறாகச் சொல்கிறீர்கள் என்றார். அந்தக் குரலைப் பெற்றவனே நான்தான் அம்மணி என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு இனாம் கொடுக்க வந்தார். உன் தாயோ எனக்கு உதவுகிறேன் என்று ஒரு குடுவை தேநீரோடு வேறு வழியாகச் சுற்றி வந்து, நான் திருப்பி அனுப்பப் பார்க்கும் ஆட்களை உட்காரவைத்து ஊற்றிக் கொடுக்கிறாள். எதற்கு என்றேன். இவர்கள் உட்கார்ந்தால் அவள் இன்னும் கொஞ்சம் பேசுவாள் அல்லவா என்கிறாள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியாது. புரியாத மொழியில் நீ நீர்த்துறையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, உனக்குச் சளி பிடித்திருக்கிறது, பேசிப் பதிந்த அன்று யாரும் கஷாயம் வைத்துக் கொடுக்கவில்லை என்று அழுகிறாள். இவளையும் வைத்துக்கொண்டு நான் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எழுத வேண்டிய முக்கியமான விஷயம் இனிமேல்தான். சென்ற செவ்வாயன்று புஷ்பமான் சந்துமுனைக்கு வந்தான். சண்டைக்கு என்றே நினைத்தேன். அவன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு, "பெரியப்பா, தினமும் யாராவது கடைக்கு வந்து எங்கிட்ட தலையக் குனியறாங்க. தொரத்தி விட்டாலும் அடுத்தாளு வந்து குனியறான். அப்பா பேரச் சொல்றாங்க. உங்க பொண்ணு என்னதான் சொல்லி வச்சிருக்கு?" என்று கேட்டான். தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் கைப்பேசியை வாங்கி, அந்த இடத்தை ஓடவிட்டு, வாக்கியம் வாக்கியமாக அவனுக்கு மொழிபெயர்த்தேன். இந்த மூலையில் அஷ்டமான் என்றொரு பெரியவர் குல்லாய் விற்கிறார், அவர் முன் தலையைக் குனியுங்கள், தொடாமலே அளவு சொல்வார், பெரும்பாலும் தவறாகத்தான் சொல்வார், பிறகு சரியான குல்லாயைத் தேடுகிற சாக்கில் உங்களை அரைமணி நேரம் உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவார், நீங்கள் வாங்காமல் எழுந்தால் வருத்தப்பட மாட்டார் என்று சொல்லியிருக்கிறாய். அவன் இன்னொரு தரம் ஓடவிடச் சொன்னான். மூன்றாம் தரம் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "தப்பாத்தான் சொல்லுவாரு. அத ஒலகத்துக்கே சொல்லிட்டாளா" என்றான். தகப்பனார் போனபின் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிளம்பும்போது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாட நின்னது நின்னதுதான் பெரியப்பா, அத நான் விட மாட்டேன். சந்த எடுக்கச் சொல்லுங்க, சுத்தறத வலமாத் திருப்பச் சொல்லுங்க. அப்பா இருக்கற எடத்த மட்டும் தொட வேணாம்னு சொல்லுங்க. கேட்டு வர்றவங்களுக்கு நான் ஒக்காந்து பதில் சொல்லிக்கறேன்." அப்படியானால் விருந்தில் எங்களுக்கு இலை உண்டா என்று கேட்டேன். "மொதல்ல திருப்பச் சொல்லுங்க. உங்க கனத்துக்கு என்ன விட்டா யாரு தோள் குடுப்பா" என்றான். இதைவிட நல்ல வாக்கை இந்தப் பேட்டையில் நான் எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகையால் மகளே, வெயில் எந்தப் பக்கம் விழுந்தாலும் விழட்டும், காப்பிக் கடை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த வாரத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் மாற்றிப் பேசிப் பதிந்துவிடு. ராணிபோக்ரிக் குளத்தருகே தொடங்கி வலமாக எப்படி வர வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். யந்திரக் குரலை வைத்து வேலையை முடித்துவிடாதே. உன் தாய் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். பதிவதற்கு முந்தைய இரவு துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் குடி. மாப்பிள்ளையின் முழங்காலுக்குக் கடுகெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல். சின்னவளுக்கு மாலையில் ஒரு சுலோகமாவது சொல்லிக் கொடு, பொருளை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். குலதெய்வம் உங்கள் மூவரையும் வலக்கையால் அணைத்துக் காக்கட்டும். நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் உண்டாகட்டும்.

அஷ்டமானின் இடத்தில் ஒரு சொல்லையும் மாற்றாதே. அவர் இருக்கிறார் என்றே இருக்கட்டும். மெய்யல்லாததை விட்டுவைக்கும்படி உன்னிடம் நான் கேட்பது இந்த ஒன்றுதான். நேற்று மாலை கடைப்பக்கம் போனேன். ஒரு ஜெர்மானியர் புஷ்பமான் முன் குனிந்திருந்தார், அவருக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்று தலையைக் குனிந்தேன். புஷ்பமான் கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஓர் அளவு சொன்னான். போட்டுப் பார்த்தேன், காதுவரை இறங்கியது.

இப்படிக்கு, சந்துமுனையில் காவல் நிற்கும் உன் தந்தை,
தீர்த்தலால் ஜோஷி