நிலாவில் ஏலக்காய் விளைவித்த மச்சானுக்கு

அக்காவைக் கட்டிக்கொண்டு, கூடவே இந்த வாலையும் சேர்த்து வளர்த்த என் பிரியமுள்ள மச்சானுக்கு,

போன ஆளிடம் சுகமா என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். நீங்களும் அப்படித்தானே? பேபி சேட்டன் கடையில் டீ வருவதற்கு முன்பே பேப்பரை விரித்துவிடுவீர்கள்.

முதலில், நீங்கள் பாதியில் விட்டுப்போன செய்தி. ஒரு வாரத்து வேலை என்று விண்வெளி நிலையத்துக்குப் போன ஒரு பெண்ணும் ஒரு ஆணும், போன வண்டி பழுதாகி அங்கேயே மாட்டிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? கேப் ரோட்டில் மண் சரிந்தால் மூணாறு போனவன் அங்கேயே கிடக்கிற மாதிரி என்று சொன்னீர்கள். அடுத்த வாரம் இறங்கிவிடுவார்கள், வேறு வண்டி போயாச்சு என்றும் படித்தீர்கள். இறங்கவில்லை மச்சான். போய் ஒன்பது மாசம் கழித்துத்தான் வந்தார்கள். கடலில் வந்து விழுந்தார்களாம், சுற்றிலும் டால்பின் நீந்தியதாம். அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அத்தனை உயரம் போனவர்களே திரும்பி வந்துவிட்டார்கள் என்று அன்றைக்கு ஜீப்புக்குள் உட்கார்ந்து அழுதேன். அப்போது எனக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது.

அப்புறம் நம் நாட்டு ஆள் ஒருவர் அந்த நிலையத்துக்குப் போய்ப் பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்துவிட்டு வந்தார். இதை அக்காவிடம் சொன்னேன். "பயறு கொண்டு போனவன் புட்டு மாவையும் கொண்டு போயிருக்கலாம்லா" என்றாள். ஒரு பெரிய பாறை பூமி மேல் விழலாம் என்று பயம் காட்டினார்கள். கொஞ்ச நாளில், கணக்கைத் திரும்பப் பார்த்தோம், விழாது என்றார்கள். பிறகு சூரியக் குடும்பத்துக்கே சம்பந்தமில்லாத ஒரு வால் நட்சத்திரம் எங்கிருந்தோ வந்து, நம் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அது வேற்றுக் கிரகத்து வண்டி என்று ஊரெல்லாம் பேச்சு. நீங்கள் இருந்திருந்தால் அதன் டிரைவர் பெயரையே சொல்லியிருப்பீர்கள்.

இப்போது அப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்கு நம் கதை புரிய வேண்டும். சூரியநெல்லி எஸ்டேட்டில் எங்கள் ஆட்களுக்கு மலையாளம் பேச வரும், சண்டை போடவும் வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்கள் நாங்கள். கடைக்கு வருவதோ மலையாளப் பேப்பர். ராஜகுமாரியில் சித்தப்பா வீட்டில் தங்கி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் மச்சான் ஒருத்தர்தான். அவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற ரூமில் வேலை. லீவு நாளில் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்து, மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் படிப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம். சரிபார்க்க எங்களில் ஒருத்தனுக்கும் கண் கிடையாது.

அரசியல் செய்தியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். வானத்துச் செய்திதான். புளூட்டோவைக் கிரகப் பட்டியலில் இருந்து நீக்கியதை, "ஒழுங்கா வேலைக்கு வரல, செக்ரோல்ல பேர வெட்டிட்டாக" என்று, எஸ்டேட் வருகைப் பதிவில் பேர் வெட்டுகிற மாதிரிப் படித்தீர்கள். அதை நான் நம்பவில்லை. நம் விண்கலம் நிலாவின் தென்முனையில் இறங்கியபோது, அங்கே நம் மாட்டுப்பெட்டி அணைப் பக்கத்துக் குளிர் அடிக்கிறது, மண்ணைப் பார்த்த விஞ்ஞானிகள் ஏலம் நன்றாக வரும் என்கிறார்கள், சாந்தன்பாறையில் இருந்து நாற்று கொண்டு போகப் பேச்சு நடக்கிறது என்று படித்தீர்கள். அதை நான் அப்படியே நம்பினேன். ஏலத்தோட்டக்காரர்கள் இரண்டு பேர் நாற்றைப் பற்றி விசாரித்ததும் நினைவிருக்கிறது.

நான் நம்பியதோடு நிறுத்தவில்லையே. என் பிழைப்பு என்ன? விடியுமுன் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக் கொழுக்குமலைக்குக் கொண்டுபோய்ச் சூரியனைக் காட்டுவது. ரோடு என்று பெயர் வைத்த அந்தப் பாறைகளில் வண்டி குலுங்கும்போது, ஜனங்கள் பயப்படாமல் இருக்க எதையாவது பேச வேண்டும். நான் உங்கள் செய்திகளைத்தான் பேசினேன். எத்தனை ஊர்க்காரர்களுக்கு நிலா ஏலக்காயைச் சொல்லியிருப்பேன்!

இந்தப் பனிக்காலத்தில் கோயம்புத்தூரில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய பெண் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். நான் சொன்னதைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு மரியாதையாகத்தான் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, அங்க காத்தே இல்லீங்களே, செடி எப்படிங்க வரும்?" பேப்பரில் போட்டிருந்தது என்றேன். எந்தப் பேப்பர் என்றாள். அவளுடைய அப்பா சிரிப்பை அடக்க வெளியே தேயிலையைப் பார்த்தார். மானம் கப்பலேறியது மச்சான்.

இறங்கியதும் நேரே பேபி சேட்டனிடம் போய்க் கேட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"எடா முருகேசா, அந்த ஏலக்காய் பேப்பரில இல்லடா. அது அவன் சொந்தமாயிட்டு விளைவிச்சது."

கடையில் உட்கார்ந்திருந்த மலையாளிகள் எல்லாருக்கும் தெரியுமாம். நீங்கள் படிக்க ஆரம்பித்தால் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம், பேப்பரில் இருப்பதைவிட அது நன்றாக இருக்கும் என்று. புளூட்டோவை நீக்கியதோ உண்மையாம். ஆக, நான் நம்பாத ஒன்றுதான் நிஜம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, சத்தியமாக. செத்தும் என்னைக் கேலி செய்கிற உரிமை மச்சானுக்கு உண்டு என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் அந்த அடுத்த கேள்வியையும் கேட்டேன்.

அந்த இருமல் செய்தி?

சேட்டன் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் போவதற்கு முந்தின பனிக்காலம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவீர்கள், அக்கா விடிய விடிய முதுகைத் தடவுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே முடிவெடுத்து, தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போக என்னை ஜீப் எடுக்கச் சொன்னாள். கடைக்கு முன்னால் வண்டியை ஓடவிட்டபடி நிற்கிறேன். அக்கா பையோடு நிற்கிறாள். நீங்கள் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பேப்பரைத் திருப்பினீர்கள். இந்தாங்க, நம்ம விசயமே வந்திருக்கு என்று படித்தீர்கள். மலைக்காட்டில் இருக்கிறவர்களுக்குத் தேயிலைத் தூள் நெஞ்சில் தங்காது, குளிர்காற்றே கழுவிவிடும், அப்படிக் கழுவும்போது வருகிற இருமல்தான் இது, இஞ்சி போட்டுப் பால் விடாமல் கட்டன்சாயா குடித்தால் போதும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படித்தீர்கள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "வண்டிய ஆஃப் பண்ணு மாப்ள."

நான் ஆஃப் பண்ணினேன். விஞ்ஞானிகளே சொன்ன பிறகு நான் யார்?

சேட்டன் சொன்னார், அன்றைக்கு அந்தப் பக்கத்தில் இருமலைப் பற்றி ஒரு வரி கிடையாதாம். சனிக் கிரகத்தின் வளையம் கொஞ்ச காலத்துக்குப் பூமியில் இருந்து பார்த்தால் தெரியாமல் போகும் என்று ஒரு செய்தி இருந்ததாம், படத்தோடு. வளையம் எங்கேயும் போகாதாம். நமக்கு நேராக அதன் விளிம்பு திரும்பி நிற்குமாம், அவ்வளவுதானாம். அதைப் பார்த்துக்கொண்டுதான் நீங்கள் எங்களுக்கு நெஞ்சுச் செய்தி படித்திருக்கிறீர்கள். அந்த நிஜச் செய்தியைப் படித்திருந்தால் என்ன குறைந்திருக்கும் மச்சான்? அதுவே போதுமான அதிசயம் இல்லையா?

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று சேட்டனிடம் கத்தினேன். "ஞான் வாய் திறந்தப்போ அவன் என்னைப் பார்த்தான்டா. அந்த நோட்டம் நீ கண்டிட்டில்ல" என்றார். பயந்துபோன ஆளின் பார்வையாம்.

கடைசியில் உங்களைத் தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே நீங்கள் போன பிறகு டாக்டர் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கொஞ்சம் முன்னாடியே கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் விஞ்ஞானிகள் சொன்னார்கள் என்று அவரிடமே சொன்னேன். அவர் திரும்பி நடந்துபோனார். அன்றைக்கு அவர் என்னை என்ன நினைத்திருப்பார் என்று இப்போதுதான் புரிகிறது. நிலாவில் ஏலம் போடுங்கள், செவ்வாயில் கேரட் போடுங்கள், கேரட்டுக்குப் பேர்போன வட்டவடைக்காரர்கள் வேண்டுமானால் கோபப்படட்டும். உங்கள் உயிரிலுமா ஓய் விளையாடுவீர்? உமக்கு நான் கழுத்தறுக்கிற பகையாளியா? என் ஜீப் வெளியே ஓடிக்கொண்டு நின்றதே!

இத்தனைக்கும் இதை நான் மனசோடு வைத்துப் புதைத்திருப்பேன். போனவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் நீங்கள் போனாலும் உங்கள் பொய் போகவில்லை மச்சான். அது உங்கள் வீட்டு அடுப்படியில் இருந்து வேலை செய்தது. இந்தப் பனியில் இருந்து அக்கா இருமுகிறாள். கொழுந்தெடுக்கும்போது பாதி வரிசையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கட்டன்சாயா குடிக்கிறாள். "உன் மச்சான் அன்னைக்குப் படிச்சாகல்லா" என்கிறாள்.

உங்கள் வார்த்தையைப் பொய் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? தாலி போனாலும் அந்தப் பேச்சை மட்டும் அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதையும் நான் பிடுங்குவதா? யோசித்து யோசித்துக் கடைசியில் உங்கள் வழியையே பிடித்தேன். அந்தப் பாறைச் செய்திதான் கைகொடுத்தது. விழும் என்றவர்களே விழாது என்று மாற்றிச் சொல்லலாம் என்றால், இருமல் விஞ்ஞானிகள் மட்டும் மாற்றிச் சொல்லக் கூடாதா?

இன்று காலை அக்காவை ஏதோ சொல்லிக் கடைக்கு அழைத்து வந்தேன். வண்டியை ஓடவிட்டேன். நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. உங்களை மாதிரியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கணக்கைத் திரும்பப் பார்த்தோம், அந்த இருமல் விசயம் தப்பு, மலைக்காட்டுக்காரர்கள் உடனே நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள் என்று படித்தேன். சேட்டன் இந்த முறை டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. அக்கா என்னையே பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். போடிமெட்டு தாண்டி வளைவுகளில் இறங்கும்போதுதான் பேசினாள்.

"ஏலே, நீ படிச்சது சரமப் பக்கம்லே."

செத்தவர்கள் படத்தை வரிசை வரிசையாகப் போடுவார்களே, அந்தப் பக்கம். மலையாளம் தெரியாதவர்களுக்கும் தெரிகிற பக்கம் அது ஒன்றுதான். அவசரத்தில் அதை விரித்து வைத்து விஞ்ஞானம் படித்திருக்கிறேன்.

"அவுக படமும் அதுலதான வந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். அடுத்த வளைவில் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவுக படிச்சதும் பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. ஆஸ்பத்திரியில என்ன சொல்லிருவாகளோன்னு அவுகளுக்குப் பயம். எனக்கும் பயம். அதான் நம்புனேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஓட்ட முடியவில்லை.

மலையாளிகளுக்குத் தெரியும். சேட்டனுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். நீங்கள் படித்ததை உண்மை என்று நம்பி எஞ்சினை அணைத்தவன் இந்தச் சூரியநெல்லியில் நான் ஒருத்தன்தான். ஏன் மச்சான், என்னிடம் மட்டுமாவது பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கக் கூடாதா? நான் கூட வந்து உட்கார்ந்திருப்பேனே.

"நீயும் பொய் படிக்க ஆரம்பிச்சிட்டே. போதும், நம்ம வீட்டுல இனி ஒருத்தரும் படிக்க வேண்டாம். வண்டிய எடு" என்றாள் அக்கா. எடுத்தேன்.

இதைத் தேனி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்காவைப் படம் எடுக்க உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். என் கோபம் ஆறவில்லை, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். டாக்டர் வெளியே வந்து எதைச் சொல்கிறாரோ, அதை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சொல்வேன். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நிலா ஏலக்காயை மட்டும் விடமாட்டேன். ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் சொல்வேன். சொல்லிவிட்டு, இது என் மச்சான் சொன்ன பொய் என்பதையும் சொல்வேன்.

உள்ளே இருந்து பேச்சியம்மாள் கூட வந்த ஆள் யார் என்று கூப்பிடுகிறார்கள். நான்தான். போகிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் ஏமாற்ற முடிந்த ஒரே ஆள்,
பேச்சியம்மாளின் தம்பி, உங்கள் மாப்ள முருகேசன்