தாராவிச் சேறு என்றே எழுதினாய்

இன்று காலை ரயில் மாஹிமை விட்டுக் கழிமுகப் பாலத்தில் ஏறியதும், பெண்கள் பெட்டியில் எல்லோரும் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கடல் வற்றியிருந்த நேரம். கறுப்புச் சேற்றின் வாடை பெட்டி முழுக்க அடித்தது. நான் பொத்தவில்லை. பக்கத்தில் நின்றவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும். அந்த வாடையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நீ.

நாம் இரண்டாம் வருடம் முடித்த கோடை அது. கடல் அறிவியல் நிலையமொன்று கல்லூரி மாணவர்களுக்கு நடத்திய ஆய்வுப் பயிற்சிக்கு நம் இருவரையும் எடுத்திருந்தார்கள். நான் செம்பூரிலிருந்து வந்தேன். அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. நீ தாராவியிலிருந்து வந்தாய். உன் வாப்பா தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அதுவரை நான் தாராவிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அதை உன்னிடம் சொன்னபோது, "மூணு ஸ்டேஷன் தள்ளி இருந்துக்கிட்டா?" என்று சிரித்தாய்.

முதல் நாள், கரையோரத்தில் வாழும் உயிர்களைத் தேடி ஆராய ஆளுக்கொரு இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பாறைக் கரைகளையும் மணற்கரைகளையும் கேட்டார்கள். நீ உன் வீட்டுக்குப் பின்னால், கடல்நீர் ஏறி இறங்கும் கழியைக் கேட்டாய். நம் நெறியாளர் சென்னைக்காரர், நல்ல மனிதர். அவரே முகம் சுளித்தார்.

"அங்க என்னம்மா இருக்கும்? சாக்கடை. செத்துப்போன இடம்."

"பாக்காம எப்படி சார் செத்துப்போச்சுன்னு சொல்லுதீங்க?"

அவர் உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போ" என்றார். நீ திரும்பி என்னைத்தான் பார்த்தாய். நான் கை தூக்கியதாக நினைவில்லை. ஆனாலும் அந்தக் கோடை முழுக்க உன்னோடு முழங்கால் சேற்றில் நின்றேன்.

கரையில் எப்போதும் ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்கும். ஒருநாள் உன் தெருக்காரப் பெண்ணொருத்தி சத்தம் போட்டாள்.

"ஏளா, காலேஜுல படிக்கேன்னு சொல்லிட்டு இந்த நாத்தத்துல எறங்கி நிக்க?"

"கடலைப் பத்திப் படிக்கேன் மாமி."

"கடல் அங்கிட்டுல்லா இருக்கு?"

"இதுவும் கடல்தான் மாமி. இங்க வரைக்கும் வருதுல்லா."

முதல் வாரம் சல்லடையில் பிளாஸ்டிக்கும் தோல் துண்டுகளும்தான் தங்கின. நான் வேறு இடம் கேட்கலாம் என்றேன். நீ அடுத்த வாளியைத் தூக்கி ஊற்றினாய். அதற்கடுத்த வாரம், அலையாத்தி மரங்களுக்குக் கீழே அள்ளிய சேற்றைக் கழுவியபோது, சல்லடையின் ஓரத்தில் நூல் போலச் சிவப்பாக ஏதோ அசைந்தது. "ஏட்டி, நெளியுதுட்டி!" என்று நீ போட்ட கூச்சலில் கொக்குகள் பறந்தன. ஒன்றல்ல, கொத்துக் கொத்தாகப் புழுக்கள். அவற்றைத் தின்ன வந்த சின்ன நண்டுகளும் இருந்தன.

அசுத்தத்தையும் மூச்சுத் திணறலையும் தாங்கும் வகைப் புழுக்கள் அவை என்று நெறியாளர் சொன்னார். அதனால் கழி நன்றாக இருக்கிறதென்று எழுதிவிடாதே என்றும் எச்சரித்தார். "நல்லா இருக்குன்னு நான் சொல்லல சார். உசுரு இருக்குன்னுதான் சொல்லுதேன்" என்றாய்.

கடைசி நாள், எல்லோரும் மேடையேறி முடிவுகளைச் சொல்ல வேண்டும். இடத்தின் பெயரை 'மாஹிம் கழிமுகம்' என்று மாற்றிக்கொள், தாராவி என்றால் சிரிப்பார்கள் என்று கூடப் பயின்றவர்கள் உன் நன்மைக்காகத்தான் சொன்னார்கள். நீ மாற்றவில்லை. சொன்னபடியே சிரித்தார்கள். வெளியிலிருந்து வந்த நடுவர் ஒருவர், "தாராவியில் புழுவுக்குக்கூட வாடகைக்கு இடம் கிடைக்கிறதா?" என்று கேட்க, அரங்கமே குலுங்கியது. நீ மேசையில் கையூன்றி நின்றாய். சிரிப்பு அடங்கியது. "முடிஞ்சதா சார்? அடுத்த படத்தைப் போடட்டுமா?" என்றாய். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பரிசு வேறு யாருக்கோ போனது.

அடுத்த வருடம் உனக்கு இருமல் வந்தது. காசநோய், மருந்துக்கு மசியாத வகை. உன் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வீட்டில் நிமோனியா என்று சொன்னார்கள். மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வந்தபோது, காலேஜில் என்ன சொல்ல என்று கேட்டேன்.

"டிபின்னே சொல்லு. நான் என்ன களவாண்டுட்டா வந்து படுத்திருக்கேன்?"

பரீட்சை எழுத நீ இல்லை. உன் வாப்பா துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நிமோனியாக் காய்ச்சல் என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு மகளைக் கரையேற்ற வேண்டியவர். ஆனால் கல்லூரியில் ஒருத்தி, "அந்த ஏரியாவில் இருந்தால் அப்படித்தான்" என்றாள். அவளோடு நான் போட்ட சண்டை வராந்தா முழுக்கக் கேட்டது. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் சண்டை அது.

இப்போது நானும் அப்படியொரு கோடைப் பயிற்சிக்கு ஆளெடுக்கும் குழுவில் இருக்கிறேன். இந்த வருடம் மான்குர்டுக் குடிசைப் பகுதியிலிருந்து ஒரு பெண். காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பதைத் தானே நேர்காணலில் சொன்னாள். இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் கொடுத்த சான்றும் காட்டினாள். அவள் வெளியே போனதும் ஒருவர், "வம்பு எதுக்கு மேடம்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். மறைத்திருந்தால் எடுத்திருப்பீர்கள், உண்மையைச் சொன்னதற்கா தண்டனை என்று கேட்டேன். அவளை எடுக்காவிட்டால், ஏன் எடுக்கவில்லை என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். யாரும் பேனாவை எடுக்கவில்லை. அவள் பெயர் சேர்ந்தது.

வெளியே வந்ததும் பழைய சக ஊழியர் ஒருவர், "இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது" என்றார். உன்னை அமைதியாக நினைத்துக்கொள்ளச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இருபது வயதில் போனவளை எப்படி அமைதியாக நினைப்பது? நீ எனக்கு விட்டுப்போனது இந்தக் கோபம்தான். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் அதை ஆறவிட மாட்டேன்.