ஜூன் மாதத்தில் குடில் பெட்டி

பெரிய செய்தி, கேள்: நம் குடில் பெட்டி ரகசியம் ஷாதிபூரில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது, சொன்னதே நீதானாம்!

பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காய்ந்த வைக்கோலும் மெழுகுவத்தியும் கலந்த அதே வாசனை. சாமான்தான் பாதி இல்லை.

போன வருஷம் நம் தீவுக்குச் சாமான் கப்பல் வராத வாரம் நினைவிருக்கிறதா? கேட்டவருக்கெல்லாம் வீட்டில் இருந்ததை அப்பா எடுத்துக் கொடுத்தார். "இல்லைன்னு சொல்ல எனக்கு வராதும்மா." கடைசியில் அக்கா குழந்தைக்கே பால்பவுடர் இல்லை. கஞ்சித் தண்ணீர்தான் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் சிநேகிதிகள் நாம் இருவரும், சாமானைச் சேர்த்து ஒளித்து வைப்பது எப்படி என்று போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினோம். வீட்டுக்குக் கீழே அறை தோண்டச் சொன்னான் ஒருத்தன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இங்க தோண்டுனா தண்ணிதான்டி வரும்!"

அப்போதுதான் எங்கள் பீரோ மேல் இருந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டி உன் கண்ணில் பட்டது.

"டிசம்பர் வரைக்கும் இதை யாருடி தொடுவா?"

வைக்கோலுக்கு அடியில் பால்பவுடர், அரிசி, தீப்பெட்டி, டார்ச் பேட்டரி. எல்லாவற்றுக்கும் மேலே சுவரைப் பார்த்தபடி ஒற்றைக்காது ஆட்டுப் பொம்மை. அது திரும்பியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் தலையில் கை வைத்துச் சொன்னாய்: "உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

ஈஸ்டர் முடிந்ததும் காய்ச்சலில் போய்விட்டாய்.

போன வாரம் புயல். கப்பல் இல்லை, இரண்டு நாளாகக் கரண்டும் இல்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி வந்தார்.

"அரே பொண்ணே, அந்தக் குடில் பெட்டியக் கொஞ்சம் திறயேன்."

"ஜூன்ல குடில் எதுக்கு ஆன்ட்டி?"

"அச்சா, நடிக்காத! ஆஸ்பத்திரில பாக்கப் போனப்ப அவதான் சொன்னா. நெசமாவே ஒண்ணும் இல்லாதப்ப மட்டும் போங்க, மூஞ்சியக் காட்டுவா, ஆனா குடுப்பான்னு."

உயிர் போகும்வரைகூட நீ பொறுக்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய். சாயங்காலத்துக்குள் நான்கு வீட்டுக்காரர்கள் வாசலில். மூஞ்சியைக் காட்டினேன். கொடுத்தேன். ஒரே ஒரு பால்பவுடர் டின்னை மட்டும் துப்பட்டாவில் மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்பா அறை வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார்.

"எங்கிட்டயே ஒளிச்சியாம்மா?"

அந்தக் கேள்விக்கு என்னைத் தனியாக நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டாய். அப்பாவுக்கு வராத அந்த 'இல்லை' எனக்காவது வரும் என்று இருந்தேன். அதையும் நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய். உன்னோடு சண்டை போடக்கூட வழியில்லை.

அந்த ஆடு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. சாமானுக்குப் புது இடம் பார்த்துவிட்டேன். உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

இதை ஸ்டேட்டஸில் போடுகிறேன். ஆஸ்பத்திரியில் இவளைப் பார்க்கப் போனவர்களே, உங்களிடமும் சொன்னாளா? மறைக்காமல் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை வீடு என்று தெரிந்தால்தானே எவ்வளவு அரிசி வாங்கி வைப்பது என்று எனக்குத் தெரியும்.